தென்கடலில் நாற்பத்தேழு முறை

அத்தியாயம் 5

ஏப்ரல் மாத ஆவடியில், மாலை நாலரை மணிக்கு, ஒரு மனிதர் காதுவரை மூடிய பஞ்சுக் கோட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தால் ஒன்று அவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் அண்டார்டிகா போய்வந்தவராக இருக்க வேண்டும். வேலுசாமி இரண்டாவது ரகம். கோட்டைக் கழற்ற அவர் இரண்டு முறை கை வைத்தார். இரண்டு முறையும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோவிந்தராஜ் ஓடிவந்து, போட்டோக்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்லி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனார்.

மேடையின் பின்னால் தெர்மாகோலில் ஒரு பனிமலை. அதன் உச்சியில் ஒரு பென்குயின். அதற்குப் பக்கத்திலேயே, பென்குயினைத் தின்னலாமா வேண்டாமா என்று யோசிக்கிற தோரணையில் ஒரு வெள்ளைக் கரடி. மேலே பேனரில், 'தென்துருவம் வென்ற எங்கள் குவார்ட்டர்ஸ் சிங்கம் வேலுசாமிக்குப் பாராட்டு விழா' என்று எழுதியிருந்தது. ஆக மொத்தம் அந்த மேடையில் மூன்று மிருகங்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பத்மா, வெள்ளைக் கரடி வடதுருவத்தில் மட்டும்தான் இருக்கும் என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஃபங்சனுன்னு பத்திரிகை வெச்சிருப்பாங்க மேடம். கெளம்பி வந்துகினு கீது," என்றான் வேம்புலி.

வேம்புலி அயனம்பாக்கத்துக்காரன். அவனுக்குச் சொத்து என்று இருந்தவை இரண்டு: ஒரு எம்-80 வண்டி, ஒரு வாய். வண்டியாவது சில நாள் கிளம்பாது. அவனுக்கு வலது பக்கத்தில், முறுக்கு விற்பவரைக்கூடப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவன் முதலாளி சாமுண்டீஸ்வரி. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு தையல் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். அதற்கு முன் பதினேழு வருஷம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். மயிரிழை பிசகினாலும் பாகத்தைக் கழித்துவிடுவார். லாரி லாரியாகக் கழித்ததில் கம்பெனிக்கே பயம் வந்து, கடைசியில் அவரையே கழித்துவிட்டது.

பத்மா அந்த மாடிப்படி ஏறி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கடல் ஆய்வு நிலையம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. கோவாவிலிருந்து டிசம்பரில் புறப்பட்டு, தென்துருவக் கடலைச் சுற்றி, மார்ச் கடைசியில் திரும்பிய பயணத்தில் அவளும் போயிருந்தாள். பனியை உடைத்துக்கொண்டு போகிற வெளிநாட்டு வாடகைக் கப்பல். அதன் பின்புறம் நின்று கடலுக்குள் வலையை இறக்கி, வந்ததை ஜாடியில் போட்டு மூடுவதுதான் அவள் வேலை. நாற்பத்தேழு முறை இறக்கினாள். நாற்பத்தேழு ஜாடிகள். உள்ளே இருப்பது விரல் நீளச் சிவப்பு இறால்.

இதைக் கேட்ட அன்றைக்கே வேம்புலி ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். சென்னாக்குன்னிப் பொடி இறால் வாங்க எதற்கு அவ்வளவு தூரம் கப்பல் ஏற வேண்டும், எங்கள் ஊட்டாண்ட கூடையிலேயே வருமே என்று. பத்மா கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கடலில் திமிங்கலம் தின்பது அதைத்தான், பென்குயின் தின்பது அதைத்தான், சீல் தின்பதும் அதைத்தான், அது குறைந்தால் அந்தக் கடலே பட்டினி கிடக்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் அது கூட்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வருஷமாகப் படிக்கிறாள். அதற்குப் பிறகு வேம்புலி சென்னாக்குன்னியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் வாயை அடைத்த பெண்கள் இந்த உலகில் இரண்டே பேர், மற்றவர் அவன் முதலாளி.

விவகாரம் என்னவென்றால், ஜாடிகளின் மேல் எண் மட்டும்தான் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தேழு வரை. எந்த எண் எந்தத் தேதி, எந்த இடம் என்ற விவரமெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் இருந்தது. கப்பல் கோவாவுக்கு வந்து சாமான் இறக்கிய அன்று அந்த நோட்டு காணாமல் போயிற்று. ஒரு வாரம் கழித்து அவளுடைய மேலதிகாரி டாக்டர் சண்முகசுந்தரம், அந்த நாற்பத்தேழு வலைகளையும் தாமே இறக்கியதாக ஓர் அறிக்கை தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்தின் கூட்டத்தில் அதைப் படிக்கப்போகிறார். படித்துவிட்டால் ஜாடி அவருடையது, கடல் அவருடையது, பத்மாவின் மூன்று வருஷமும் அவருடையது. பத்மா முறையிட்டபோது நிலையத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். உன்னிடம் எழுத்தில் என்ன இருக்கிறது?

அந்த சண்முகசுந்தரம்தான் இப்போது மேடையில் சிறப்பு விருந்தினர். மாலைக்கு ஆசைப்பட்டு ஆவடிவரை வந்திருந்தார். அவருடைய சட்டை கசங்கவே இல்லை. அம்பாசடர் காரில் முன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்து வந்திருப்பார் என்று வேம்புலி கணக்குப் போட்டான்.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். நல்ல குரல். தேசம், விஞ்ஞானம், தியாகம் என்று மூன்று படி ஏறி, நாலாவது படியில் தம்மைப் பற்றி ஆரம்பித்தார்.

"நாற்பத்தேழு நாள். ஒரு நாள்கூட விடாமல் வலை இறக்கினேன். ஜனவரி பதினாலாம் தேதி, நீங்கள் எல்லாம் இங்கே வீட்டில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களே, அன்றைக்கு நான் பனிப்புயலில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் தண்ணீர். அது கன்னத்திலேயே உறைந்துவிட்டது."

கூட்டம் கைதட்டியது. முன் வரிசையில் ஓர் அம்மாள் உறையாத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

பத்மாவின் முகம் சிவந்து போயிற்று. "பொய். பொங்கலுக்கு மூணு நாளும் வலையே இறக்கலை. பதினாலு, பதினஞ்சு, பதினாறு. அதனாலதான் போகி அன்னைக்கே நாலு தடவை இறக்கினேன்."

"அப்ப அந்த நாலுல மூணை எடுத்து வெறும் நாளுக்கு ஒண்ணா வெச்சு ரொப்பிட்டாரு," என்றார் சாமுண்டீஸ்வரி. "விட்டுப்போன நாள் இருந்தா அறிக்கை பார்க்க அழகா இருக்காதுன்னு."

"ஆமா. ஆனா அது என் நோட்டுல இருக்கு மேடம். நோட்டு இல்லாம நான் சொன்னா பொறாமைன்னுதானே சொல்வாங்க."

சாமுண்டீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினார். நோட்டு சண்முகசுந்தரத்திடம்தான் இருக்கும் என்று வேம்புலி முதல் நாளே சொல்லியிருந்தான். ஆனால் கோவாவிலிருந்து பத்மாவின் டிரங்குப் பெட்டியும் வேலுசாமியின் பெட்டியும் ஒரே வண்டியில் வந்திருந்தன. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த விழாவுக்கே வந்திருந்தார்கள். வேலுசாமி அப்படிப்பட்டவர் இல்லை, கப்பலில் தனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி இருந்தார், கேட்டதற்கு நோட்டைப் பார்க்கவே இல்லை என்றார் என்று பத்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவர் இல்லை என்று யாரைப் பற்றியும் சொல்ல முடியாது என்பது சாமுண்டீஸ்வரியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு அனுபவம்.

அடுத்து வேலுசாமியின் முறை. ஆவடி அரசுத் தொழிற்சாலையில் வண்டி மெக்கானிக். பனியில் ஓடுகிற வண்டிகளைப் பழுதுபார்க்கக் கப்பலில் அனுப்பப்பட்டவர். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். மைக் முன்னால் நின்றதும் அவருக்கு வியர்வை ஆறாகப் பெருகியது. கோட்டு பாதிக் காரணம்.

அண்டார்டிகா எப்படி இருந்தது என்று கோவிந்தராஜ் எடுத்துக் கொடுத்தார். குளிராக இருந்தது என்றார் வேலுசாமி. பனிமலை எப்படி இருந்தது? வெள்ளையாக இருந்தது. பென்குயின்? அதுவும் இருந்ததாகச் சொன்னார்கள். கூட்டம் நெளிந்தது. சிங்கம் ஒரு கர்ஜனைகூடச் செய்யாமல் இறங்கிவிடுமோ என்று கோவிந்தராஜ் கவலைப்பட்ட நேரத்தில் வேலுசாமி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று ஆரம்பித்தார்.

"டிசம்பர் இருபத்திமூணாம் தேதிங்க. விடிகாலை மூணு நாப்பது. அறுபத்தொரு டிகிரி இருபது நிமிஷம். வலை எறங்குச்சு. கம்பி எறநூறு மீட்டர். எண்ணெய்ச் சூடு நாப்பத்திரெண்டு. நாலு அஞ்சுக்கு வலை மேல வந்துச்சு. பூராவும் செவப்புப் பூச்சிங்க. இருபத்திநாலாந்தேதி, மத்தியானம் ரெண்டு பத்து. கம்பி எறநூத்தம்பது மீட்டர். எண்ணெய்ச் சூடு நாப்பத்தொண்ணு."

இப்படியே எட்டு நாள் ஓடியது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் விஞ்ஞானம் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். சண்முகசுந்தரம் மட்டும் சோடா பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

வேம்புலிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "யக்கா, மாட்டினாரு. பென்குயினு கறுப்பா செவப்பான்னு தெரியாத ஆளு, மூணு நாப்பதுன்னு நிமிசத்தோட சொல்றாரு. நோட்டு இவராண்டதான் கீது. மனப்பாடமே பண்ணிட்டாரு."

பத்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எண்கள் எல்லாம் சரியானவை, தான் எழுதியவைதான் என்றாள். நோட்டு கிடைத்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. அண்ணா என்று கூப்பிட்ட ஆள் எடுத்துவிட்டாரே என்பதுதான் வலித்தது.

சாமுண்டீஸ்வரி அவளை ஒரு கேள்வி கேட்டார். "உன் நோட்டுல எண்ணெய்ச் சூடு எழுதினியா?"

எந்த எண்ணெய் என்று பத்மா திருப்பிக் கேட்டாள்.

"அதான்," என்று சொல்லி எழுந்தார் சாமுண்டீஸ்வரி.

மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தபோது வேலுசாமியின் மனைவி நாகம்மா வந்து, இனியும் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் இங்கேயே ஆவியாகிவிடுவார் என்று செயலாளரோடு சண்டை போட்டு, கணவரை மேடையின் பக்கவாட்டிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார். சண்முகசுந்தரம் கிளம்பவில்லை. போட்டோக்காரர் வராமல் அவர் எங்கே போவார். கேசரி, போண்டா, காபி என்று அவருக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள்.

வேலுசாமியின் குவார்ட்டர்ஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மூவரும் போய்ச் சேர்ந்தபோது அவர் பனியனோடு மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். பத்மாவைப் பார்த்ததும் "வாங்க அம்மிணி" என்று முகம் மலர்ந்தது. சாமுண்டீஸ்வரி துப்பறியும் நிலையம் என்று சொன்னதும் மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

சாமுண்டீஸ்வரி நாற்காலியில் உட்காரவில்லை. "கப்பலுக்கு எடுத்துட்டுப் போன பெட்டியில உங்களுக்குச் சொந்தமில்லாத ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வந்துடுங்க."

வேலுசாமி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். கைது செய்யும்போது இப்படித்தான் ஒரு நிமிஷம் அமைதியாக இருக்கும் என்று வேம்புலி எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். தப்பி ஓடினால் மடக்குவதற்காகக் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். பனியனோடு ஓடுகிற ஆளுக்குப் பின்னால் ஓடுவதில் என்ன கௌரவம் என்ற கவலையும் அவனுக்கு இருந்தது.

வேலுசாமி ஓடவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். சாமான்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் நோட்டு இல்லை. மஞ்சள் நிறத்தில் அச்சடித்த மூன்று கனத்த அட்டைகள் இருந்தன. அவற்றை நீட்டினார்.

"ஃபேக்டரி விஜிலன்ஸ்ல இருந்து என்னைக்காச்சும் வருவீங்கன்னு தெரியுமுங்க. மூணே மூணு கார்டுங்க. எழுதிக் குடுத்து வாங்காம எடுத்துட்டுப் போயிட்டனுங்க. வேற ஒரு போல்ட்டு, ஒரு நட்டுகூட எடுத்ததில்லீங்க."

வேம்புலிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "இன்னா அண்ணாத்தே இது, நீல நோட்டு எங்கன்னு கேட்டா மஞ்ச அட்டை காட்டிகினு கீறே?"

சாமுண்டீஸ்வரி அட்டைகளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வேம்புலி அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தான்.

"மெஷின் ஹிஸ்டரி கார்டு," என்றார். "மிஷினோட ஜாதகம். எப்ப ஓடிச்சு, எவ்வளவு நேரம், எண்ணெய் எவ்வளவு சூடாச்சு, யார் ஓட்டினது, யார் பக்கத்துல நின்னது. எல்லாம் எழுதணும். எழுதாம மிஷினைத் தொட்டா ஒர்க்‌ஷாப்ல தொலைச்சுடுவாங்க. மேடையில எண்ணெய்ச் சூடு சொன்னாரே, அப்பவே தெரிஞ்சுது. இறாலைப் படிக்கிறவங்க எண்ணெயைத் தொட்டுப் பார்க்க மாட்டாங்க."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கப்பலில் வலையை இறக்குகிற விஞ்ச், அதாவது இரும்புக் கம்பியைச் சுற்றி இழுக்கிற மோட்டார் எந்திரம், முதல் வலையை இறக்கும் முன்பே மக்கர் செய்தது. கப்பல்காரர்கள் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பத்மா அழுதாள். வேலுசாமி ஒரு ஸ்பேனரோடு போய்ச் சரிசெய்தார். அன்றிலிருந்து அதை ஓட்டுவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. நாற்பத்தேழு முறையும் அவர்தான் ஓட்டினார். எந்திரத்தை ஓட்டினால் கார்டு எழுத வேண்டும். கப்பலில் கார்டு கிடையாது. பெட்டியின் அடியில் விரித்திருந்த தொழிற்சாலைக் கார்டுகளை எடுத்து எழுதினார். அதை விட்டால் தூக்கம் வராது என்றார். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

பென்குயினை அவர் பார்க்கவே இல்லை. பென்குயின் கூட்டம் வந்தபோது பனிவண்டிக்கு அடியில் படுத்திருந்தாராம். திமிங்கலம் வந்தபோது விஞ்ச் பிரேக்கில் கை இருந்ததாம், கையை எடுத்தால் வலை போய்விடும். ஊர் திரும்பியதும் எல்லோரும் அண்டார்டிகா கதை கேட்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தது இந்த அட்டைதான், அதையே சொன்னேன் என்றார். இதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குக் கண் கலங்கியது. மேடையில் அவரைப் பார்த்துச் சிரித்ததற்காக வேம்புலிக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

பத்மா அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்துக்கு மேல் 'பணியில் உடனிருந்தவர் கையொப்பம்' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே வரிசையாக, பென்சிலில், கையுறை போட்ட கையால் கிறுக்கிய கிறுக்கலில், அவளுடைய கையெழுத்து.

"ஒவ்வொரு தடவையும் நீட்டுவீங்களே அண்ணா. கப்பல்காரங்க பேப்பர்னு நெனச்சேன். கப்பலோடயே போயிருக்கும்னு."

"கையெழுத்து இல்லாம மிஷினை எறக்க மாட்டனுங்க அம்மிணி. பேனா வெச்சா மை உறைஞ்சு போகுதுன்னு பென்சில் குடுத்தேன்."

சாமுண்டீஸ்வரி இரண்டாவது அட்டையின் நடுவில் விரலை வைத்தார். ஜனவரி 14, 15, 16. மூன்று கட்டங்களையும் சேர்த்து ஒரே அடைப்பு. 'பொங்கல் விடுமுறை. கியர்பாக்ஸ் பிரிப்பு. பிரேக் லைனிங் மாற்றம்.' கீழே அந்நிய எழுத்தில் ஒரு கையெழுத்து, அதன் மேல் நீல முத்திரை.

"பொங்கலுக்கு ஃபேக்டரி லீவுங்க," என்று வேலுசாமி விளக்கினார். "லீவுலதான் மிஷினைப் பிரிச்சுப் பாக்கறது. ஃபேக்டரில ஒரு நாள்தான் விடுவாங்க. கப்பல்ல நானே முடிவு பண்றதுதானே, மூணு நாளும் விட்டுப்போட்டேன். கப்பலோட தலைமை இன்ஜினியரு வந்து பாத்து, சைன் போட்டு, சீலும் வெச்சுக் குடுத்தாருங்க."

பொங்கல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு வெள்ளைக்காரர், தென்துருவக் கடலில் பொங்கல் விடுமுறைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேம்புலிக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

சாமுண்டீஸ்வரி அட்டைகளைக் கேட்டார். வேலுசாமி தயங்கினார். நாளை கூட்டத்தில் இது வெளியே வந்தால் தொழிற்சாலை அச்சடித்த கார்டு வெளிநாட்டுக் கப்பலுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு மெமோ வாங்கியதில்லை. அடுத்த மாதம் சார்ஜ்மேன் பதவி உயர்வு வேறு வருகிறது. அம்மிணிக்கு என்ன வேண்டுமோ பார்த்து எழுதிக்கொள்ளட்டும், அட்டை மட்டும் வெளியே போக வேண்டாம் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

பார்த்து எழுதிக்கொண்டால் அது இன்னொரு நோட்டு, அவ்வளவுதான். எல்லோருக்கும் அது தெரியும். பத்மா அட்டைகளைத் திரும்ப அவர் பக்கம் நீட்டினாள். அவளால் அதைக் கேட்க முடியவில்லை.

நாகம்மா குறுக்கே வந்து அட்டைகளைப் பிடித்துத் திரும்பவும் பத்மா கையிலேயே வைத்தார்.

"மெமோ வந்தா வரட்டும். அந்தப் புள்ள பனியில நின்னு போட்ட கையெழுத்து. அதைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, நீங்க சார்ஜ்மேன் ஆனா எனக்கு அந்தச் சம்பளச் சோறு எறங்காது."

வேலுசாமி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

அவர்கள் விழா மேடைக்குத் திரும்பியபோது சண்முகசுந்தரம் இரண்டாவது போண்டாவில் இருந்தார். பத்மாவைப் பார்த்ததும் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டு, தட்டில் வைத்ததை யாரும் கவனித்தார்களா என்று பார்த்தார். சாமுண்டீஸ்வரி பத்மாவைத் தெரிந்தவர் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கோவிந்தராஜிடமிருந்து சங்கத்தின் கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பயபக்தியோடு விருந்தினர் முன் விரித்தார். ஐயா பேச்சில் எல்லோரையும் அழவைத்துவிட்டது அந்தப் பொங்கல் சம்பவம்தான், அதை ஐயா கைப்பட இரண்டு வரி எழுதினால் வரும் தலைமுறை படிக்கும் என்றார்.

வரும் தலைமுறை என்றதும் சண்முகசுந்தரம் பேனாவைத் திறந்துவிட்டார். 'ஜனவரி 14 பொங்கல் நாளன்று தென்துருவக் கடலில் என் கையால் இருபத்து மூன்றாம் வலையை இறக்கியதை என்றும் மறவேன்' என்று எழுதி, பட்டங்களைச் சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மை காய்வதற்காக ஊதவும் ஊதினார்.

சாமுண்டீஸ்வரி பதிவேட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது அட்டையை வைத்தார்.

சண்முகசுந்தரம் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு சிரித்தார். "இது என்ன? ஒரு மெக்கானிக் எழுதின அட்டை. நாளைக்கு விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதையா காட்டப்போறீங்க?"

"மெக்கானிக்கை விடுங்க. கீழே இருக்கறது கப்பலோட தலைமை இன்ஜினியர் கையெழுத்து, கப்பல் முத்திரை. மூணு நாளும் கியர்பாக்ஸ் தரையில பிரிச்சுக் கிடந்திருக்கு. நீங்க எதை வெச்சு வலையை இறக்கினீங்க?"

"வேட்டியில முடிச்சு போட்டு எறக்கியிருப்பாரு யக்கா," என்றான் வேம்புலி. "எறநூறு மீட்டர் வேட்டி. பெரிய மனுசன்."

சண்முகசுந்தரத்தின் கை பதிவேட்டின் பக்கம் நகர்ந்தது. அதற்குள் கோவிந்தராஜ் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சங்கத்தின் பதிவேட்டில் பக்கம் கிழிபடக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

சட்டை கசங்காத மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசங்க ஆரம்பித்தார். முதலில் தட்டச்சுப் பிழை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பத்மாவின் நோட்டு தம்முடைய காகிதங்களோடு தவறுதலாகக் கலந்திருக்கலாம், வீட்டில் தேடிப் பார்த்தால் கிடைத்தாலும் கிடைக்கும் என்றார். மூன்று வாரமாகக் கிடைக்காத நோட்டு மூன்று நிமிஷத்தில் கிடைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டதைக் கண்டு வேம்புலி, நோட்டோடு ஒரு நல்ல பேனாவும் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தான்.

"காலையிலே கொண்டுவந்து கொடுத்துடறேன் பத்மா. அறிக்கையிலேயும் என் பேருக்குக் கீழே உன் பேரைச் சேர்த்துடறேன். இதை இத்தோட விட்டுடுவோம்."

பத்மா அட்டையின் கையெழுத்துக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"என் பேரைச் சேர்க்க வேண்டாம் சார். அது அங்க நாப்பத்தேழு தடவை இருக்கு. உங்க பேரை எங்க சேர்க்கிறதுன்னுதான் தெரியலை. அண்ணன்கிட்ட கேளுங்க."

சண்முகசுந்தரம் வேலுசாமியைத் திரும்பிப் பார்த்தார். நாலு மாதம் ஒரே கப்பலில் இருந்தும் அவர் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வேலுசாமி அட்டையை மேசையிலிருந்து எடுத்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டி, ஒரு வரி விடாமல் தேடினார். கிண்டலாகச் செய்யவில்லை, நிஜமாகவே தேடினார். பிறகு தலையை நிமிர்த்தி, தொழிற்சாலையில் யாரிடமும் சொல்வது போல மரியாதையாகச் சொன்னார்.

"மிஷின் பக்கத்துல நிக்காதவிங்க கையெழுத்தை நாங்க வாங்கறதில்லீங்க சார்."